‘இந்த வயதில் எதற்கு?’ - சிசரோவின் முதுமை நூலை முன்வைத்து

ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்ததும் பங்கு நூலகத்தின் பின்புறத் திண்ணையில் நாங்கள் ஆறேழு பேர் கூடுவது வழக்கம். பெரும்பாலோர் அறுபதைக் கடந்தவர்கள். அது திட்டமிட்டுக் கூட்டும் கூட்டமன்று. தலைமையுரையும் இல்லை, நன்றியுரையும் இல்லை. யாரேனும் ஒருவர் தாம் படித்த நூலைப் பற்றித் தொடங்குவார். பேச்சு எங்கெங்கோ சுற்றிச் சர்க்கரை நோயில் வந்து முடியும். சில மாதங்களுக்கு முன்னர், எங்களுள் ஒருவரான ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒரு செய்தியைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். தம் ஊரில் செங்கற்சூளைத் தொழிலாளர் சிலருக்குக் கூலி மறுக்கப்பட்டிருக்கிறது, வழக்கில் அவர்கள் பக்கம் சாட்சி சொல்லத் தம்மை அழைக்கிறார்கள், எதிர்த்தரப்பு வலியது, பிள்ளைகள் வேண்டாமென்று தடுக்கிறார்கள் என்றார். அவர் சொல்லி முடிக்குமுன் எங்களில் நால்வர் ஏறத்தாழ ஒரே குரலில், “இந்த வயதில் எதற்கு?” என்றோம்.

எங்களோடு அமர்ந்திருந்த மூத்த குரு ஒருவர் அன்று ஒன்றும் சொல்லவில்லை. மறு வாரம் வரும்போது கையில் ஒரு சிறு நூலோடு வந்தார். அது அவர் குருமட நாள்களில் இலத்தீன் பயில்வதற்காக வரிவரியாகப் படித்தது. ஓரங்களில் பென்சில் குறிப்புகள் நிறைந்தது. உரோமைப் பேச்சாளரான சிசரோ முதுமையைப் பற்றி எழுதிய உரையாடல் நூல் அது. மூன்று ஞாயிறுகள் அதை அவர் எங்களுக்குப் படித்துப் பொருள் சொன்னார். நாங்கள் குறுக்கிட்டோம், சண்டையிட்டோம். அந்தச் சண்டையின் சாரமே இக்கட்டுரை.

சிசரோவின் பெயர் நம் வாசகர்களுக்கு முற்றிலும் புதிதன்று. புனித அகுஸ்தினார் தம் பத்தொன்பதாம் அகவையில் சிசரோவின் ‘ஓர்த்தென்சியுஸ்’ என்னும் நூலைப் படித்தே ஞானத்தின்மேல் வேட்கை கொண்டதாகத் தம் ‘அறிக்கைகள்’ நூலில் எழுதியிருக்கிறார். அந்த நூல் இன்று நம்மிடம் இல்லை. முதுமை நூலோ முழுமையாக எஞ்சி நிற்கிறது. கி.மு. 44-இல் அது வெளிவந்தபோது சிசரோவுக்கு வயது 62. நூலைத் தம் நெடுநாள் நண்பரான அத்திக்குஸுக்கு அவர் உரிமையாக்கினார். அத்திக்குஸ் அவரைவிட மூன்று, நான்கு ஆண்டுகள் மூத்தவர். நம் இருவர்மேலும் ஏறிக்கொண்டிருக்கும் முதுமைச் சுமையைச் சற்றே இறக்கி வைக்கவே இதை எழுதுகிறேன் என்பது முன்னுரையின் கருத்து. எழுதி முடித்ததில் தம் முதுமையின் தொல்லைகள் எல்லாம் துடைக்கப்பட்டுவிட்டதாகவும் அதே முன்னுரையில் சொல்கிறார். இந்தப் பெருமிதத்தை வாசகர்கள் நினைவில் வைத்திருப்பது நல்லது. பின்னர் அதற்கு ஒரு வேலை உண்டு.

நூலின் அமைப்பு எளிமையானது. காலம் நூறாண்டுகளுக்கும் முற்பட்ட கி.மு. 150. எண்பத்து நான்கு வயதுக் கத்தோவின் வீட்டிற்கு இளையவர்களான சிப்பியோவும் இலேலியுஸும் வருகிறார்கள். முதுமை உமக்கு ஏன் பாரமாக இல்லை என்று கேட்கிறார்கள். கிழவர் பேசத் தொடங்குகிறார். பிறகு அவரை நிறுத்துவார் இல்லை. முதுமையின்மேல் உலகம் சாட்டும் குற்றங்கள் நான்கு என்கிறார்: அது நம்மைச் செயலிலிருந்து விலக்குகிறது, உடலைத் தளர்விக்கிறது, இன்பங்களைப் பறிக்கிறது, சாவுக்கு அருகே கொண்டு நிறுத்துகிறது. ஒவ்வொன்றாக எடுத்து மறுக்கிறார்.

மறுப்புகள் எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. முதற் குற்றத்திற்குச் சொல்லும் மறுமொழி வலிமையானது. மரக்கலத்தில் சிலர் பாய்மரத்தில் ஏறுகிறார்கள், சிலர் தளத்தில் ஓடியாடுகிறார்கள். சுக்கானைப் பிடித்தவனோ பின்புறத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறான். அவன் ஒன்றும் செய்யவில்லை என்று யார் சொல்வது? பார்வையிழந்த முதியவரான அப்பியுஸ் கிளாவுதியுஸ், மன்னன் பிருஸோடு தாழ்ந்து சமாதானம் செய்ய முனைந்த மூதவைக்குத் தம்மை அழைத்துச் செல்லச் செய்து, எழுந்து நின்று தடுத்த கதையும் இங்கே வருகிறது. நாடக ஆசிரியர் சோபக்ளீஸ் முதுமையில் எழுத்திலேயே மூழ்கிச் சொத்தைக் கவனியாதிருந்தார் என்று பெற்ற மக்களே வழக்குத் தொடுக்க, அவர் தாம் அப்போதுதான் எழுதிய நாடகத்தை நீதிபதிகளுக்குப் படித்துக்காட்டி, அறிவு மங்கிய கிழவன் எழுதியதாகவா தோன்றுகிறது என்று கேட்டு விடுதலை பெற்ற கதையும் உண்டு. பிள்ளைகளைப் பற்றிய அந்த இடத்தில் எங்கள் திண்ணையில் எழுந்த சிரிப்பில் சற்றுக் கசப்பும் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

மூன்றாம் குற்றத்திற்கு வரும்போது நூல் தளர்கிறது. இன்பங்கள் போனால் நல்லதுதானே என்று கிழவர் நழுவுகிறார். பிறகு உழவின் இன்பத்தைப் பேசத் தொடங்கித் திராட்சைக் கொடியிலும் எருவிலும் பக்கம் பக்கமாக நின்றுவிடுகிறார். முதுமை இயல்பாகவே வாயாடி என்று அவரே ஒப்புக்கொள்வதால் மன்னித்துவிடலாம். ஆனால் அவ்விடத்திலேயே ஒரு பொன்னான செய்தி கிடைக்கிறது. தம் ஊர்ப்புறத்து வீட்டில் அண்டை அயலாரை அழைத்து நாள்தோறும் உணவுப் பந்தியை நிரப்பி, இரவு நெடுநேரம் பேசிக்கொண்டிருப்பதாகவும், முதுமை உணவின் மேலுள்ள ஆசையைக் குறைத்து உரையாடலின் மேலுள்ள ஆசையைக் கூட்டிவிட்டதாகவும், அதற்காக முதுமைக்கு நன்றி சொல்வதாகவும் கத்தோ கூறுகிறார். முதுமையில் கிரேக்க நூல்களைத் தாகத்தோடு கற்றதையும் சொல்கிறார். நண்பர்களின் பேச்சு, நூல்கள் என்னும் இவ்விரண்டையும் முதுமையின் செல்வமாக இந்நூலைப் போல் இயல்பாகச் சொன்ன நூல்கள் மிகச் சிலவே.

இனி எங்கள் சண்டையைச் சொல்ல வேண்டும். யாருடைய முதுமை இது? கத்தோவுக்கு நிலம் உண்டு, அடிமைகள் உண்டு, பட்டம் உண்டு. கடும் வறுமையில் முதுமை அறிவுள்ளவனுக்கும் இலேசாகாது என்று ஒரே ஒரு வாக்கியத்தில் நூல் ஒப்புக்கொண்டு அப்பால் போய்விடுகிறது. பெண்களின் முதுமை பற்றி ஏதுமில்லை. இதனினும் வருத்தம் தருவது வேறொன்று. வரலாற்றுக் கத்தோ வேளாண்மை பற்றித் தாமே ஒரு நூல் எழுதியிருக்கிறார். அது இன்றும் கிடைக்கிறது. பண்ணை உரிமையாளன் விற்றுவிட வேண்டியவற்றின் பட்டியல் ஒன்று அதில் வருகிறது. கிழட்டு எருதுகள், பழைய வண்டி, பழைய இரும்புச் சாமான் ஆகியவற்றோடு, வயதான அடிமையையும் நோயுற்ற அடிமையையும் அவர் சேர்க்கிறார். பிற்காலத்தில் புளூத்தார்க் என்னும் வரலாற்றாசிரியர் இதற்காகக் கத்தோவைக் கடிந்துகொண்டார். முதுமையின் பெருமையைப் பேச, முதியவனை விற்கச் சொன்ன வாயையா சிசரோ தேர்ந்தெடுக்க வேண்டும்? கூலி மறுக்கப்பட்ட சூளைத் தொழிலாளரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த எங்களுக்கு இது வெறும் வரலாற்றுக் குறிப்பாகத் தோன்றவில்லை. தலைமையாசிரியர் நூலை மூடிவைத்துவிட்டு, “சாமி, இவர் எனக்கு உதவமாட்டார்” என்றார்.

குரு மறுக்கவில்லை. ஓரத்தில் இரட்டைக் கோடிட்டிருந்த ஒரு பத்தியை மட்டும் திறந்து காட்டினார். நான்காம் குற்றத்திற்கு, அதாவது சாவின் அண்மைக்கு, விடை சொல்லும் பகுதி அது. ஏதென்ஸ் நகரத்துச் சோலோன், கொடுங்கோலனாகிக்கொண்டிருந்த பிசிஸ்திராத்துஸை வெளிப்படையாக எதிர்த்தார். எதை நம்பி இவ்வளவு துணிச்சல் என்று அவன் கேட்டபோது, சோலோன் தம் முதுமையைச் சுட்டி விடையளித்தாராம். கதை இவ்வளவே. கத்தோ உடனே அடுத்த பொருளுக்குப் போய்விடுகிறார். நூலின் கீல் இதுவே என்பது எம் கருத்து. மற்ற இடங்களில் முதுமைக்கு என்ன எஞ்சியிருக்கிறது என்று கணக்கிடும் நூல், இங்கே மட்டும் கணக்கைத் தலைகீழாகப் புரட்டுகிறது. இழப்பதற்கு ஆண்டுகள் குறைவாக இருப்பது வலுக்குறைவு என்று எண்ணியிருந்தோம்; அதுவே கைமுதல் என்கிறார் சோலோன். ‘இந்த வயதில் எதற்கு?’ என்ற கேள்விக்கு ‘இந்த வயதில்லாமல் வேறு எந்த வயதில்?’ என்று அவர் திருப்பிக் கேட்பது போலிருந்தது.

ஆனால் எழுதுவது எளிது. எழுதியவர் என்ன செய்தார்? இங்கேதான் இந்த நூலை அதன் ஆசிரியருடைய கடிதங்களோடு சேர்த்துப் படிக்க வேண்டியதாகிறது. அத்திக்குஸுக்குச் சிசரோ எழுதிய நானூற்றுக்கும் மேற்பட்ட கடிதங்கள் 16 தொகுதிகளாக எஞ்சியுள்ளன. இரு நண்பர்களின் பேச்சு இவ்வளவு நெருக்கத்தில் நமக்குக் கேட்பது பழங்கால இலக்கியத்தில் அரிது. அதில் ஒரு பகுதி நூல்களைப் பற்றியது. ஒரு கடிதத்தில் நூலகத்தை அடுக்கவும் சுருள்களை ஒட்டவும் பெயர்ச்சீட்டு வைக்கவும் ஆள் அனுப்பச் சொல்கிறார். நூல்கள் ஒழுங்கான பின் வீட்டிற்கே உயிர் வந்ததுபோல் இருப்பதாக இன்னொரு கடிதத்தில் மகிழ்கிறார். மகள் துல்லியா கி.மு. 45-இன் தொடக்கத்தில் இறந்தபோது, துயர் ஆற்றுவதற்கென எழுதப்பட்ட நூல்கள் அனைத்தையும் அத்திக்குஸின் வீட்டிலிருந்தே படித்ததாகவும், ஒன்றும் ஆற்றவில்லை என்றும் எழுதுகிறார். முதுமை நூலின் இறுதிப் பக்கங்களில், தமக்குமுன் மாண்ட மகனைப் பற்றிக் கத்தோ பேசுகிறார். அவன் எனக்குச் செய்யவேண்டிய இறுதிச் சடங்கை நான் அவனுக்குச் செய்தேனே என்கிறார். அந்தக் குரல் கத்தோவினுடையதன்று, ஓராண்டுக்குமுன் மகளைப் பறிகொடுத்த தந்தையினுடையது என்றுதான் எங்களுக்குப் பட்டது. நூலில் மிகக் குறைவாகச் சொல்லப்பட்டு மிக அதிகமாகச் சுடும் இடம் அது.

கி.மு. 44 மார்ச்சு 15-இல் சீசர் கொல்லப்பட்டார். குழப்பம் மூண்டது; அதிகாரம் அந்தோனியுஸின் கைக்குப் போகத் தொடங்கியது. மே 11-இல் சிசரோ அத்திக்குஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். தாம் அனுப்பிய முதுமை நூலைத் தாமே இன்னும் அடிக்கடிப் படிக்க வேண்டும் போலிருக்கிறது என்றும், முதுமை தம்மைக் கசப்பாக்கிவிட்டது, எதற்கெடுத்தாலும் எரிச்சல் வருகிறது என்றும் அதில் ஒப்புக்கொள்கிறார். தம் காலம் முடிந்துவிட்டது, இனி இளையவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்றும் கைகழுவுகிறார். முன்னுரையின் பெருமிதத்திற்குச் சில மாதங்களிலேயே வந்த மறுப்பு இது. நூலைவிட இந்தக் கடிதமே எங்களுக்கு அதிக ஆறுதல் தந்தது. ஆறுதல் நூல் எழுதியவருக்கும் ஆறுதல் நிலைக்கவில்லை என்று அறிவதில் ஒரு நிம்மதி இருக்கத்தான் செய்கிறது.

ஜூலை 17-இல் அவர் பொம்பேயிலிருந்து கப்பலேறினார். கிரேக்கத்திற்குப் போய் ஒதுங்கியிருக்க எண்ணம். அந்தப் பயணத்தில் நிகழ்ந்த ஒரு சிறு செய்தியைச் சொல்லாமல் விட மனமில்லை. கப்பலில் தம் பழைய நூலொன்றைப் படித்துக்கொண்டிருந்தவர், அண்மையில் அத்திக்குஸுக்கு அனுப்பிய ‘புகழ்’ பற்றிய புதிய நூலுக்கும் அதே முன்னுரையை ஒட்டி அனுப்பிவிட்டதைக் கண்டுபிடித்தார். பொதுவான முன்னுரைகளை எழுதி ஒரு சுருளில் சேர்த்து வைத்து, வேண்டும்போது ஒன்றை எடுத்து ஒட்டுவது அவர் வழக்கமாம். உடனே வேறு முன்னுரை எழுதி, பழையதை வெட்டிவிட்டு இதை ஒட்டிக்கொள் என்று நண்பருக்கு அனுப்பினார். நாடு எரிந்துகொண்டிருந்தது, தாம் ஓடுகிறோமா, ஒதுங்குகிறோமா என்று அவருக்கே தெரியவில்லை. அந்நிலையிலும் இந்த ஒட்டு வேலை! எழுத்தாளர் இனம் ஈராயிரம் ஆண்டுகளில் அதிகம் மாறவில்லை.

ஆகஸ்டு தொடக்கத்தில் எதிர்க்காற்று கப்பலை இத்தாலியக் கரைக்கே திருப்பியது. உரோமையில் நிலைமை மாறலாம் என்ற செய்தியும் அங்கே கிடைத்தது. திரும்புவதென்று முடிவு செய்தார். அப்போது அத்திக்குஸின் கடிதமொன்றும் அவரை வந்தடைந்தது. நல்ல சாவு பற்றியெல்லாம் பேசுகிறவர் நாட்டைக் கைவிட்டுப் போகலாமா என்று குத்திக்காட்டும் கடிதம் அது. முன்னர் இந்தப் பயணத்தை ஏற்றுக்கொண்ட நண்பரே இப்போது இப்படி எழுதுகிறாரே என்று சிசரோ வியந்து வருந்துவதை ஆகஸ்டு 19-இல் எழுதிய மறுமொழியில் காண்கிறோம். அவரைத் திருப்பியது காற்றும் செய்தியுமே. எனினும் திரும்பியதை உறுதிசெய்ததில் நண்பரின் சொல்லுக்குப் பங்கில்லை என்று சொல்ல முடியாது.

மாத இறுதியில் உரோமைக்குள் நுழைந்து, செப்டம்பர் 2-ஆம் நாள் மூதவையில் அந்தோனியுஸுக்கு எதிரான முதல் உரையை நிகழ்த்தினார். அடுத்த ஏப்ரல் வரை பதினான்கு உரைகள்; அவற்றுள் இரண்டாவது பேசப்படாமல் எழுத்தாகவே பரவியது. கி.மு. 43-இன் இறுதியில் அந்தோனியுஸ், ஒக்தாவியன், லெப்பிதுஸ் மூவரும் ஒன்றுகூடிக் கொலைப் பட்டியல் தயாரித்தபோது சிசரோவின் பெயர் அதில் இருந்தது. டிசம்பர் 7-இல் பொர்மியே அருகே கொல்லப்பட்டார். வயது 63. தலையும் எழுதிய கையும் துண்டிக்கப்பட்டு, அவர் எத்தனையோ முறை நின்று பேசிய மேடையிலேயே பார்வைக்கு வைக்கப்பட்டன.

அத்திக்குஸ் என்ன ஆனார்? அவர் அரசியல் பதவி எதையும் வாழ்நாள் முழுதும் ஏற்காதவர். எல்லாக் கட்சியாருக்கும் நண்பர். அந்தோனியுஸ் தாழ்ந்திருந்த நாளில் அவர் மனைவி புல்வியாவுக்கு உதவியிருந்தார். அந்த நன்றியால் உயிர் பிழைத்தார். கி.மு. 32-இல், எழுபத்தேழாம் வயதில், தீராத நோயில் உணவை மறுத்து இறந்தார். அவரைப் பேடி என்று ஒதுக்கிவிட எங்களில் சிலர் அவசரப்பட்டோம். அது நியாயமன்று. தம் நண்பர் விட்டுச் சென்ற எழுத்துகளுக்கு அவரைப் போன்றவர்களே காவலாக நின்றிருக்க வேண்டும். வளர்ந்துவரும் ஒக்தாவியனை நம்புவது ஆபத்து என்ற ஐயத்தை கி.மு. 44 நவம்பரிலேயே சிசரோவிடம் பகிர்ந்துகொண்டவரும் அவரே. ஆயினும் ஒரு கேள்வி தொக்கி நிற்கிறது. தாம் இறங்காத ஆற்றில் நண்பனை இறங்கச் சொல்ல ஒருவனுக்கு உரிமை உண்டா? நண்பனைக் கரையிலேயே இருத்திவைக்க மட்டும் உரிமை உண்டா? ‘இந்த வயதில் எதற்கு?’ என்று நாங்கள் சொன்னது தலைமையாசிரியரின் நலம் கருதியா, எங்கள் ஞாயிறுப் பேச்சு கலைந்துவிடக் கூடாது என்பதற்காகவா?

நூல்களின் வரலாற்றில் இந்த வழக்குக்கு ஒரு தீர்ப்பும் உண்டு. கி.பி. 1345-இல் கவிஞர் பெத்ரார்க் வெரோனா நகரில் அத்திக்குஸுக்கான கடிதங்களைக் கண்டெடுத்தார். ஞானியாகத் தாம் வணங்கிய சிசரோ அவற்றில் தயங்குகிறவராக, எரிந்து விழுகிறவராக, மனம் மாறிக்கொண்டே இருப்பவராக வெளிப்பட்டார். ஏமாந்துபோன பெத்ரார்க், இறந்து பதின்மூன்று நூற்றாண்டுகள் கழிந்த சிசரோவுக்கே ஒரு கடிதம் எழுதினார். முதுமைக்குரிய அமைதியை விட்டு இளைஞரின் பூசல்களில் ஏன் விழுந்தீர், நாட்டுப்புறத்தில் அமைதியாக மூப்படைந்திருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்பதே அவர் குறை. அதுவும் ‘இந்த வயதில் எதற்கு?’ தான், சற்று உயர்ந்த இலத்தீனில். அப்போது பெத்ரார்க்குக்கு வயது நாற்பது. முதுமை எப்படி இருக்க வேண்டும் என்பதில் நாற்பது வயதுக்காரர்களுக்கு இருக்கும் உறுதி எண்பதில் இருப்பதில்லை.

பெத்ரார்க்கின் தீர்ப்பை நாம் ஏற்கவில்லை. கடிதங்கள் முதுமை நூலைப் பொய்யாக்கவில்லை. அதற்கு வேண்டியிருந்த சதையையும் இரத்தத்தையும் தருகின்றன. கசந்தவரும் கப்பலேறியவரும் திரும்பியவரும் ஒருவரே. அசைவற்ற கத்தோவை மட்டும் வைத்திருந்தால் நூல் ஓர் அழகிய பொம்மையாக நின்றிருக்கும். சிசரோவின் உரைகளிலும் பெருமிதமும் வசையும் மிகுதி. ஒக்தாவியனைக் கணித்ததில் அவர் பெரிதும் தவறினார். அவருடைய துணிவு உரோமைக் குடியரசைக் காப்பாற்றவும் இல்லை. இவற்றையெல்லாம் ஒப்புக்கொண்ட பின்னரும் சோலோன் கதைக்கு அருகில் அந்தப் பதினான்கு உரைகளையும் வைத்தே படிக்கத் தோன்றுகிறது.

அத்திக்குஸுக்கான கடிதங்கள் கி.மு. 44-இன் இறுதியோடு நின்றுவிடுகின்றன. அவ்வாண்டு டிசம்பரில் சிசரோ உரோமைக்குத் திரும்பினார். ஒரே நகரில் இருந்தவர்களுக்குக் கடிதம் தேவைப்பட்டிராது. எனவே அந்தக் கடைசி ஓராண்டில் இரு கிழவர்களும் நேரில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதற்கு ஒரு வரிகூட எழுத்தில் இல்லை. அத்திக்குஸ் எழுதிய கடிதங்களும் ஒன்றுகூட எஞ்சவில்லை.

குருவின் பென்சில் குறிப்புகள் நிறைந்த நூலைத் தலைமையாசிரியர் வீட்டிற்கு எடுத்துச் சென்றார். இன்னும் திருப்பித் தரவில்லை. வழக்கு இரண்டு முறை ஒத்திவைக்கப்பட்டுவிட்டது. அடுத்த வாய்தாவிற்கு எங்களில் மூவர் அவரோடு போவதாக இருக்கிறோம். பேருந்து காலை ஐந்தரைக்கு.